கேசட்டைத் திருப்பும் நேரம்

ஒத்தக்கடைத் துணிக்கடையில் கிறிஸ்துமஸுக்காக ஹவாயன் கிட்டார் இசை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டு முடிந்ததும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது.

சிறுவயதில், செல்லூரில், அப்பாவின் இருமலைத் தறிச்சத்தம் மூடிவிடும். கிறிஸ்துமஸ் அன்று தறி ஓடாது. நாங்கள் பயந்துவிடக் கூடாதென்று அம்மா ஹவாயன் கிட்டார் கேசட்டைச் சத்தமாக வைப்பாள். ஆனாலும் கேசட்டைத் திருப்பும் நேரத்தில் உள்ளறையிலிருந்து இருமல் வந்துவிடும்.

ஒரு வருடம் வரவில்லை. அம்மா கேசட்டும் கையுமாக உறைந்து நின்றாள். தம்பி என் பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"ஏங்க..." என்று உள்ளறைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள் அம்மா.

"பாட்டுக் கேக்கத்தான் இருமல அடக்கிக்கிட்டுக் கெடக்கேன். மறுபக்கத்தப் போடு புள்ள!" என்றார் அப்பா.

"என்னக்கா, மேலுக்கு முடியலையா?" என்றார் கடைக்காரர்.

அடுத்த பாட்டுத் தொடங்கியதும்தான் எனக்கு மூச்சு வந்தது.