மாட்டுக்கு அம்மை, மாப்பிள்ளைக்குக் கொட்டகை: திருப்புலிவனம் போய் வந்த கதை

ஊர் சுற்றப் போன பயணம் இல்லை இது. போன மாதம் என் தங்கச்சி செல்வி போனில் அழுததால் கிளம்பியது. அவள் வாழ்க்கைப்பட்ட ஊர் உத்திரமேரூர் பக்கம் திருப்புலிவனம். வீட்டுச் செவலைப் பசுவுக்கு உடம்பெல்லாம் கட்டி. பால் கறக்கும் மாப்பிள்ளை ஏழுமலையின் விரலிலும் இரண்டு கொப்புளம். வீட்டில் நான்கு மாதக் கைக்குழந்தை. "கொயந்தைக்கு ஒட்டிக்குமோன்னு அவரு மாட்டுக் கொட்டாயிலயே படுத்துக்கினு கீறாரு அண்ணா. புள்ளையத் தொட்டு ஒரு வாரம் ஆவுது" என்றாள்.

நான் சென்னையில் ஒரு வைரஸ் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். இது வெட்டிப் பயம் இல்லை என்று எனக்குத் தெரியும். மாட்டுக்கு வரும் அம்மைகளில் சில, கறப்பவர் கைக்கு ஏறும். சில, மனிதரை எட்டியும் பார்க்காது. இரண்டும் ஒரே குடும்பம். வெறும் கண்ணால் பார்த்து அடித்துச் சொல்ல முடியாது.

காலை ஆறு மணிக்குத் தாம்பரத்தில் ரயில், செங்கல்பட்டில் இறங்கி பஸ். உத்திரமேரூர் சேர ஒன்பதாகிவிட்டது. நாஷ்டாவுக்கு இட்லி, வடகறி, நாற்பது ரூபாய். அந்த வடகறிக்காகவே இன்னொரு முறை போகலாம். அங்கிருந்து காஞ்சிபுரம் சாலையில் நாலு கிலோமீட்டர் ஷேர் ஆட்டோ. மடியில், மாதிரி எடுக்கும் குழாய்களோடு ஐஸ் பெட்டி. "இன்னா சார், மீனா?" என்றார் ஆட்டோக்காரர். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் நடுரோட்டில் இறக்கிவிட்டிருப்பார்.

வீட்டுக்குக் கால்நடை டாக்டரும் வந்திருந்தார். பசுவைப் பார்த்ததும் எங்கள் இருவருக்கும் தலை சுற்றியது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து உடம்பு முழுக்க அப்பி வைத்திருந்ததில் கட்டி எது, தோல் எது என்றே தெரியவில்லை. ஒரு கட்டியைத் துடைத்து நீர் எடுக்கக் கை வைத்தேனோ இல்லையோ, செவலை விட்டது ஒரு உதை! பெட்டி கவிழ்ந்து, கொண்டுவந்த குழாயெல்லாம் சாணியில். போச்சுடா என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஏழுமலை தயங்கித் தயங்கி, கொட்டகைக் கூரையிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்துக் காட்டினான். "இது ஆவுமா பாருங்க மச்சான். உதுந்த பொருக்கு. ஆத்தா மேல கால் பட்டுடக் கூடாதுல்ல, வேப்பலைல சுத்தி வெச்சிருக்கேன். ஆத்தாவுக்குத் தண்ணி ஊத்தி அனுப்பினப்புறம் ஏரியில வுடணும்."

ஆவுமாவா! அவனைக் கட்டிப்பிடிக்காத குறை.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். நம் செல்லுக்குள் புரதம் செய்யும் பட்டறை ஒரே விதமான சீட்டைத்தான் வாங்கிக்கொள்ளும். அதன் பெயர் எம்.ஆர்.என்.ஏ. எந்த வைரஸும் அந்தச் சீட்டை நீட்டினால்தான் பிழைப்பு. கொரோனாவின் மரபணுத் தொகுதி ஆர்.என்.ஏ. இழை, அதுவே சீட்டு. வெறிநாய்க்கடி வைரஸின் ஆர்.என்.ஏ. தலைகீழ்ப் பிரதி, முதலில் திருப்பி எழுத வேண்டும். அம்மைக் குடும்பத்துக்கோ நம்மைப் போலவே இரட்டை இழை டி.என்.ஏ.தான். அதிலிருந்து சீட்டு எழுதும் ஆளையும், அதாவது அதற்கான நொதியையும், கையோடு கூட்டி வரும். இப்படிச் சீட்டுத் தயாராகும் வழியைப் பார்த்து வைரஸ்களை ஏழு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதைந்துவிடும். அம்மையின் டி.என்.ஏ. காய்ந்த பொருக்குக்குள் ஐஸ் இல்லாமலே நாள்கணக்கில் கிடக்கும். அதன் எழுத்துகளைப் படித்தால் குடும்பத்துக்குள் எந்தக் கிளை என்றும் தெரிந்துவிடும்.

பொருக்கோடு சென்னை திரும்பி ஆய்வகத்தில் படித்ததில் இரண்டு நாளில் தெரிந்தது. தோல் கழலை நோய், ஆட்டம்மையின் கிளை. மனிதருக்கு வராது. போனிலேயே சொல்லியிருக்கலாம், அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று மறுபடியும் அதே ரயில், அதே வடகறி.

இந்த மாதிரி வேலையாகப் போகிறவர்கள் முதலில் உள்ளூர் கால்நடை டாக்டரிடம் சொல்லுங்கள். கையுறை இல்லாமல் எதையும் தொடாதீர்கள். ஒரு கொட்டகையில் மிதித்த செருப்போடு இன்னொன்றுக்குள் நுழையாதீர்கள். மனிதருக்கு வராததும் பக்கத்து வீட்டு மாட்டுக்கு வரும். பொருக்கை ஏரியில் விடாமல் ஆழமாகப் புதைக்கச் சொல்லுங்கள். ஏழுமலை ஒரு கற்பூரம் கொளுத்திவிட்டுப் புதைத்தான்.

செவலை புல் மேய ஆரம்பித்திருந்தது. "அப்போ வெரல்ல இது இன்னா மச்சான்?" என்று கையை நீட்டினான். அவன் விரலைப் பார்த்திருந்த சுகாதார நிலைய டாக்டரிடம் போனில் கேட்டு வைத்திருந்ததைச் சொன்னேன்: "வரப்பு வெட்டினியே மாப்ள, புது மம்முட்டி. அதோட வேலைதான்."

"தூக்கலாமா?"

"தூக்குடா."

சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவினான். செல்வி பிள்ளையைக் கொடுத்தாள். தூக்கின கையோடு மகன் அப்பன் சட்டையை நனைத்தான். வேறு சட்டை எடுக்க ஓடியவளை, "இருக்கட்டும் வுடு" என்று தடுத்துவிட்டான். சாயந்திரம் என்னை பஸ் ஏற்ற வந்தபோதும் அதே சட்டைதான், தோளில் பையனோடு.