ராமையா தாத்தாவின் கட்டை விரல்

இன்று சாயங்காலம் நடந்ததை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். தாத்தாவின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் யாருக்குச் சிங்களத்தில் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் படிக்கக் கொண்டுவருவார்கள். ஆனால் பக்கத்து வீட்டு ராமையா தாத்தாவின் மகன், கொழும்பிலிருந்து கொண்டுவந்த சிங்களப் படிவத்தை என் கண்ணில் காட்டவே இல்லை.

தாத்தாவைப் பதுளையில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கப் போகிறாராம். விஷயம் கேள்விப்பட்டு லயத்து ஆட்கள் சிலரோடு நானும் தாத்தா வீட்டுக்குப் போயிருந்தேன்.

"மாசக் காசு பூரா நானே கட்டுறேன்ப்பா. நீங்க கைநாட்டு மட்டும் வைங்க."

மைப் பெட்டியையும் அவரே கொண்டுவந்திருந்தார். எனக்கு அங்கேதான் சந்தேகம் தொடங்கியது.

தாத்தா கட்டை விரலில் மையைத் தொட்டுக்கொண்டு, "பிள்ள, இத ஒருக்கா படிச்சுச் சொல்லு" என்று என்னைக் கூப்பிட்டார்.

"சின்னப் பிள்ளைக்கு என்னாப்பா வெளங்கும்?"

"வெளங்காட்டி ஒனக்கென்னடா பயம்? படிக்கட்டும்."

படித்தேன். பணம் கட்டுபவர் என்ற இடத்தில் தாத்தாவின் பெயர்தான் இருந்தது. அதற்குக் கீழே அவருடைய பேங்க் புத்தக நம்பர். தோட்டத்தில் உழைத்த ஈபிஎஃப் சேமிப்புக் காசு முழுக்க அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

தாத்தா விரலை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார்.

"மை காஞ்சிருச்சுடா. இன்னொரு நாளைக்குப் பாப்போம்."

"கரண்ட் பில் ஏறுது. எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார் மகன்.

மாதாமாதம் இல்லத்துக்குக் கட்டப்போகிறவருக்கு ஒரு பல்பு இவ்வளவு பாரமா? நீங்களே சொல்லுங்கள். நான் வாசலைத் தாண்டுவதற்குள் லைட்டை அணைத்துவிட்டார்.