அஞ்சலினா சாப்பிட்ட மிச்சம்

“பச்சை மீன் விக்கிற கடைக்கோ? உங்களுக்கு விசரே, அக்கா?”

யப்பான் கடைக்குப் புருஷனைக் கூட்டிப்போ என்று சொன்னதற்குப் பக்கத்து வீட்டு அஞ்சலினா என்மேல் பாய்ந்தாள். புற்றுநோய் மருந்து ஏற்றியதிலிருந்து அவள் புருஷன் சில்வெஸ்ரருக்குக் கறி மணமே ஆகவில்லை. எலும்பாகிப்போனான்.

“அப்ப மனிசன் பட்டினி கிடக்கட்டும். நீ குழம்பை வச்சுக் கும்பிடு,” என்றேன்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போய், நியூ லின்னில் இருக்கிற யப்பான் கடையில் அவனுக்கு ஊடோன் என்ற தடித்த நூடில்ஸ் சூப் வாங்கினாள். நாலு வாய் சாப்பிட்டான். அவள் எப்போதும் புருஷன் சாப்பிட்டபிறகே சாப்பிடுகிறவள். மிச்சத்தை அவள் சாப்பிட்டாள். வாராவாரம் போனோம். மிச்சம் குறைந்துகொண்டே வந்தது. போன சனிக்கிழமை அவன் சூப்பையும் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினான்.

“அப்ப எனக்கு?” அவள் கண்ணைத் துடைத்தாள்.

“உமக்கு வேற ஒண்டு வாங்குமன். ஏன் என்ர கிண்ணத்தையே பாக்கிறீர்?”

முதன்முதலாகத் தனக்கென்று ஒன்று வாங்கினாள். பதினேழு டொலர்.