சிவப்புப் பொத்தான்

நைலா திரீக்கி ஸ்ஃபாக்ஸ் ஊர்க்காரி. துனிசில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து பதிமூன்று வருடம் ஆகியும், அந்த ஊர்க்காரர்களின் சிக்கனத்தையும் வேலை வெறியையும் சொல்லி நாங்கள் அவளைச் சீண்டாத நாள் கிடையாது. அவளும் சும்மா விடமாட்டாள். "நீங்க பத்துப் பேர் கூடி ஒரு காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் வேலையை முடிச்சுட்டு வீட்டுக்கே போயிடுவேன்" என்பாள். போயும் விடுவாள்.

இந்த வருடம் பள்ளி இறுதித் தேர்வான பாக்கலோரியாவின் முடிவுகளை இணையத்தில் வெளியிடும் வேலை எங்கள் தலையில் விழுந்தது. நாலு கணினிகளில் ஓடும் சேவைகளை ஒரே பக்கத்திலிருந்து கவனிக்கவும் நிறுத்தவும் ஒரு மேலாண்மை முனை வேண்டும். அதற்குத் தனி சர்வர் கேட்டால் ஒன்பது கையெழுத்து. நைலா கேட்கவே இல்லை. தன் நிரலுக்குள்ளேயே தனி சர்வரின் வேலையைச் செய்யும் ஒரு குட்டி சர்வ்லெட் கன்டெய்னரைப் பொதித்து, முனையை அதற்குள் குடிவைத்து, தன் மேசைக் கணினியிலேயே ஓடவிட்டாள்.

எங்கள் இயக்குநர் முசியே ஹஷ்மிக்கு அதில் ஒன்றே ஒன்றுதான் தேவைப்பட்டது.

"மதாம், எல்லாத்தையும் நிறுத்துற மாதிரி ஒரு பொத்தான் வைங்க. செவப்பா, பெருசா."

தொலைபேசி இரண்டு தடவை அடித்தாலே அவர் பதறிவிடுவார். பதறினால் எதையாவது நிறுத்துவார். முடிவுக்காகக் காத்திருந்தவர்களில் நைலாவின் மகள் ஷிராஸும் ஒருத்தி. மூன்று நாளாகப் பெண் சரியாகச் சாப்பிடவில்லை.

முடிவு வெளியான பத்தாவது நிமிடம் மணி அடித்தது. ஏதோ பெரிய இடம். பக்கம் மெதுவாகத் திறக்கிறதாம். ஹஷ்மி பாய்ந்து, நைலா வைத்துக்கொடுத்திருந்த பொத்தானை அழுத்திவிட்டார். மேலாண்மைப் பக்கம் வெளுத்துப்போனது.

"நிறுத்திட்டேன். அப்பாடா!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நைலா என் காதருகே குனிந்தாள்.

"மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்கே? நிறுத்துற பட்டியல்ல முதல் பேரே அந்த முனைதான். அது தன்னைத்தானே நிறுத்திக்கிச்சு. மத்ததை நிறுத்தச் சொல்ல இனி ஆளு ஏது?"

"தெரியாம நடந்த தப்பா?"

"தப்புதான். போன மாசமே கண்டுபிடிச்சேன். திருத்த மனசு வரல."

அதற்குள் அவள் கைபேசி அலறியது. ஷிராஸ்! முடிவைப் பக்கத்தில் பார்த்துவிட்டாள்; பாஸ், அதுவும் உயர்ந்த தரத்தில். நைலா நாற்காலிமேல் ஏறி நின்று இட்ட குலவையில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடிவந்தார்கள். ஹஷ்மியும் வந்து கைகுலுக்கினார். குலுக்கிய கை பாதியில் நின்றது.

"மதாம், நான்தான் எல்லாத்தையும் நிறுத்திட்டேனே. பொண்ணுக்கு முடிவு எப்படித் தெரிஞ்சுது?"

"நீங்க அழுத்தின பிறகுதான் முசியே, பக்கம் வேகமா திறக்குதாம்."

ஹஷ்மியின் முகம் மலர்ந்தது.

"நான் சொல்லல? அடுத்த வருஷம் காலையில வந்ததுமே அழுத்திடுறேன்."