மாமனாரின் கையில் நான்கு விரல் தடம்

டெல்பினை மாமனார்மேல் கைநீட்டுகிறவள் என்று பேசியவர்கள் ஒரு நாளாவது அவள் வேலை செய்வதைப் பார்த்திருக்க வேண்டும். மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். பதினேழு வருடமாக அமிலக் குப்பிகளோடு புழங்குகிறவள், இதுவரை ஒரு குப்பியை உடைத்ததில்லை. சைதாப்பேட்டையில் பிறந்து, இருபத்துநான்கு வயதில் சாந்தோமுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். கணவன் ஜாக்சனுக்குச் சரக்குக் கப்பலில் என்ஜின் வேலை, வருடத்தில் எட்டு மாதம் கடலில்தான். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவளும் மாமனார் ஹென்றியும் மட்டும்.

ஹென்றி ஒரு காலத்தில் பி.டி. மாஸ்டர். எழுபத்துநான்கு வயதிலும் நிமிர்ந்துதான் நடப்பார். எட்டு மாதத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து, அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் இதயக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் பாலகணேஷ் ஒரு ரோஸ் மாத்திரையையும் ஒரு வெள்ளை மாத்திரையையும் காட்டினார்.

"ஸ்டென்ட்ல ரத்தம் கட்டி அடைச்சுக்காம இருக்கத்தான் இது ரெண்டும். ஒரு வருஷத்துக்கு ஒரு நாள்கூட விடக் கூடாது. பல் பிடுங்கணும்னு யாராவது நிறுத்தச் சொன்னாலும், என்னைக் கேட்காம நிறுத்தாதீங்க. லேசா இடிச்சாலே தோல் நீலமாயிடும், அதுக்குப் பயப்படாதீங்க. ஆனா மலம் கறுப்பாப் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, காயத்துல ரத்தம் நிற்கலைன்னாலோ உடனே வந்துடணும். வலி மாத்திரை எதையும் நீங்களா வாங்கிப் போடாதீங்க."

டெல்பின் எல்லாவற்றையும் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். ஆய்வகத்தில் பழகிய கை அல்லவா.

ஒரு சனிக்கிழமை லஸ் ஸ்டாப்பில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஹென்றிக்குக் கால் வழுக்கியது. பின்னால் நின்ற டெல்பின் பாய்ந்து அவர் முழங்கைக்கு மேல் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிடித்திராவிட்டால் மனிதர் சக்கரத்துக்கு அடியில் போயிருப்பார். மறுநாள் காலையில் அந்த இடத்தில் நான்கு விரலும் கத்திரிக்காய் நிறத்தில் பதிந்திருந்தன.

அந்த வாரம் அன்பியக் கூட்டம் இவர்கள் வீட்டில். தெருவில் உள்ள பதினைந்து குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பார்கள். அதற்குத் தலைவி மர்சலின். வந்ததும் வராததுமாக அவர் கண் ஹென்றியின் கையில் போய் நின்றது.

"மாஸ்டர், இது இன்னா?"

"மாத்திரையால வர்றதும்மா. பஸ்ல கால் வழுக்குச்சு, டெல்பின் புடிச்சா, அவ்ளோதான்."

மனிதர் உண்மையைத்தான் சொன்னார். மாத்திரையையும் பஸ்ஸையும் யார் கேட்டார்கள்? 'டெல்பின் புடிச்சா' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். புருஷன் ஊரில் இல்லை, கேட்பாரில்லை, கிழவரைப் போட்டு அடிக்கிறாள் என்று அடுத்த ஞாயிறு பூசைக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. சரி, கண்ணில் பட்டால்தானே பேச்சு என்று டெல்பின் மாமனாருக்கு முழுக்கைச் சட்டை போட்டுவிட்டாள். அது இன்னும் மோசமாயிற்று. அடித்துவிட்டு மறைக்கிறாளாம்! கோயிலில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் மற்றவர்கள் உட்காரவே யோசித்தார்கள். பதினேழு வருடம் அந்தத் தெருவில் பிரசவத்துக்கும் சாவுக்கும் முதல் ஆளாக ஓடியவளுக்குக் கிடைத்த மரியாதை அது.

அதையும் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஜாக்சனின் போன். சிங்கப்பூர் பக்கம் எங்கோ இருந்து காலையில் கூப்பிட்டான்.

"டெல்பின், அப்பா கைல இன்னா காயம்? மர்சலின் அக்கா மெசேஜ் போட்டுக்கீறாங்க. நீ... கோவத்துல எதுனா..."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "முடி. இன்னா கேக்க வந்த, முழுசாக் கேளு."

அவன் கேட்கவில்லை. அவள் போனை வைத்துவிட்டாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஹென்றி தலையை நிமிர்த்தவே இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்குள் மாமனாரின் கைகள் தெளிந்துவிட்டன. பழைய நீலம் மஞ்சளாகி மறைந்தது, புதிதாக ஒன்றும் வரவில்லை. ஹென்றி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தெருவில் நடந்தார். "இப்போ அடங்கிட்டா பாரு" என்று தெரு திருப்தி அடைந்தது. டெல்பினுக்கு மட்டும் சந்தேகம் வந்தது. கட்டிலில் இடித்தாலே நீலமாகிறவருக்கு எப்படி ஒன்றுமே வரவில்லை? மாத்திரை அட்டையை எண்ணினாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. துவைக்கப் போட்ட முழுக்கைச் சட்டையின் பையைத் துழாவியபோதுதான் விஷயம் கைக்கு வந்தது. காலண்டர் தாளில் மடித்த பொட்டலம். உள்ளே பன்னிரண்டு ரோஸ், பன்னிரண்டு வெள்ளை.

"மாமா, இது இன்னா?"

ஹென்றி திருடி மாட்டிக்கொண்ட பிள்ளைபோல நின்றார். "உன்னப் பத்திக் கண்டபடி பேசறாங்களேம்மா. பெத்த புள்ளயே கேட்டுட்டான். கை சுத்தமாயிட்டா வாய மூடுவாங்கன்னு நெனச்சேன்."

"செத்துப்போயிருந்தா?"

"உன்மேல பழி இல்லாம போயிருப்பேன்."

டெல்பின் அழவில்லை. அழ நேரமில்லை. ஆட்டோ பிடித்து அடையாறுக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்த பாலகணேஷின் முகம் வெளுத்திருந்தது. தன் கண் முன்னாலேயே மாத்திரையைக் கொடுத்து விழுங்க வைத்தார். "ஒண்ணும் ஆகலை, அது உங்க அதிர்ஷ்டம். இன்னொரு தடவை அதிர்ஷ்டத்தை நம்பாதீங்க" என்றார். வெளியே வந்து அந்த இருபத்துநான்கு மாத்திரைகளையும் போட்டோ எடுத்து, நடந்ததை நாலே வரியில் எழுதி ஜாக்சனுக்கு அனுப்பினாள். அவன் மூன்று முறை கூப்பிட்டான். அவள் எடுக்கவில்லை. அவன் மன்னிப்புக்கு இப்போது என்ன அவசரம்?

அடுத்த அன்பியக் கூட்டம் மர்சலின் வீட்டில். யாரும் எதிர்பார்க்கவில்லை, டெல்பின் மாமனாரையும் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். பைபிள் வாசகம் முடிந்து, ஒவ்வொருவராக மன்றாட்டு சொல்லும் நேரம் வந்தது. ஒருவர் மன்றாட்டைச் சொல்லி முடித்ததும், 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று எல்லாரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். அது வழக்கம். டெல்பின் எழுந்து நின்றாள்.

"எங்க வீட்டுப் பெரியவருக்காக மன்றாடறேன். நெஞ்சுல வெச்ச ஸ்டென்ட் அடைச்சுக்காம இருக்க டாக்டர் குடுத்த மாத்திரைய, அவரு பன்னெண்டு நாள் முழுங்காம சட்டைப் பையில ஒளிச்சு வெச்சிருந்தாரு. அந்த மாத்திரையால கை நீலமாவும். அத அடின்னு இந்தத் தெரு பேசுச்சு. மருமக பேர் கெடக் கூடாதுன்னு உசுரப் பணயம் வெச்சாரு. இன்னும் நாலு மாசம் அவரு மாத்திரை சாப்பிடணும், கையும் நீலமாத்தான் ஆவும். அவரு செத்திருந்தா கொன்னது யாருன்னு பேசினவங்களுக்குப் புரியணும், ஆண்டவரே."

உட்காராமல் நின்றாள். ஹென்றி மட்டும் மைதானத்தில் அணிவகுப்புக்குக் குரல் கொடுக்கிறவர்போல உரக்கப் பதில் சொன்னார்.

"எல்லாரும் சொல்லணும்" என்றாள் டெல்பின். "அக்கா, நீங்க ஆரம்பிங்க."

மர்சலின் ஜெபப் புத்தகத்தை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். டெல்பின் அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில், தலையைக் குனிந்துகொண்டு, மர்சலின் அந்தப் பதிலைச் சொல்லத் தொடங்கினார்.