கெண்டைமீன் கவி

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இரண்டு வாய் இருந்தது. ஒன்றால் கதைப்பார்கள், மற்றதால் கவி சொல்வார்கள். கோழி அடைக்கு உட்கார்ந்ததையும், கூப்பன் அரிசியில் கல் கிடந்ததையும், யாருடைய மகளுக்கு எங்கிருந்து கலியாணம் கேட்டு வந்திருக்கிறார்கள் என்பதையும் முதல் வாய் பார்த்துக்கொள்ளும். மனதில் கிடப்பதைச் சொல்வதென்றால் மற்ற வாயைத்தான் திறப்பார்கள். என் சாச்சி தனக்கு உயிரைக் கொண்டுபோகிற நோய் வந்திருக்கிறது என்பதை அந்த வாயால்தான் எங்களுக்குச் சொன்னாள். நாங்கள் எல்லாரும் கேட்டோம். மிகவும் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னோம்.

சாச்சி, வாப்பாவின் தம்பி மனைவி. குறிஞ்சாக்கேணியில் எங்கள் வீடும் அவளுடைய வீடும் ஒரே வளவுக்குள் இருந்தன. அவளுக்குப் பிள்ளை இல்லை. அவளாக மறந்திருந்தாலும் அதை ஞாபகப்படுத்தச் சொந்தத்தில் ஆட்கள் இருந்தார்கள். அதனாலோ என்னவோ, சாச்சி யாரிடமும் எதையும் கேட்கமாட்டாள், எதைப் பற்றியும் முறைப்பாடு சொல்லமாட்டாள். சாச்சாவுக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. வெள்ளைக்காரன் தன் கடற்படையைக் கூட்டிக்கொண்டு போனபிறகு துறைமுகத்தில் வேலையும் அவனோடு பாதி போய்விட்டது. ஆட்களைக் குறைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், தன்னைக் குறைப்பதற்கு முந்திச் சாச்சா வெளிநாட்டுச் சாமான் கப்பல் ஒன்றில் ஏறிவிட்டார்.

போகும்போது தன் அண்ணனான வாப்பாவிடம், "இவளப் பாத்துக்கொள்ளுங்க காக்கா" என்றார்.

வாப்பா "ஓம்" என்றார். வாப்பா ஒரு நாளைக்குப் பேசுவதே அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு 'ஓம்' வந்த நாளிலிருந்து சாச்சிக்கும் எங்கள் குசினியிலிருந்துதான் சோறு. சாச்சிக்குத் துணையாக நான். எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ வயதிருக்கும்.

பகல் தொழுகை முடிந்ததும் எங்கள் வளவு மாமரத்தடியில் பெண்கள் பாய் இழைக்க உட்காருவார்கள். குளத்துப் பன் புல்லை வெட்டிக் காயவைத்துச் சாயம் போட்டு இழைக்கிற பாய். உம்மா, சாச்சி, அடுத்த வளவு மாமி, இன்னும் அக்கம்பக்கத்தவர்கள். கை தன்பாட்டுக்குப் பாயில் ஓட, வாய் தன்பாட்டுக்கு ஊரில் ஓடும். அந்த ஓட்டத்தின் நடுவில் யாராவது ஒருத்தி தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு கவியை எடுப்பாள். நாலே நாலு வரி. சிலது பழையது, சிலது அப்போதுதான் அவள் கட்டியது. எல்லாம் கடலுக்கோ காட்டுக்கோ போன மச்சானைப் பார்த்துச் சொல்வதாகவே இருக்கும். மச்சானுக்கு அதில் ஒரு வரிகூடப் போய்ச் சேராது. ஆம்பிளைக் குரல் வேலிப் படலையடியில் கேட்டால் உடனே பேச்சு பாகற்காய்க்குத் திரும்பிவிடும்.

அந்த மரத்தடிக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. கவிக்குக் கவியால்தான் பதில் சொல்ல வேண்டும். கவியில் சொன்னதைப் பிறகு கதையில், அதாவது வெறும் பேச்சில், கேட்கக் கூடாது. ஒரு முறை ஒருத்தி, புருசன் தன்னை அடிக்கிறான் என்பதை நாலு வரியில் வைத்தாள். மாமி நாலு வரியில் ஆறுதல் சொன்னாள். பிறகு அடி வாங்கியவள் உம்மாவிடம் ஒரு துண்டு இஞ்சி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். உனக்கு என்னடி நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் அடுத்த நாள் அந்த மரத்தடிக்கே வந்திருக்கமாட்டாள். கேட்காமல் விடுவது அங்கே ஒரு மரியாதை, ஒரு அன்புகூட. அதை நான் இன்றைக்கும் குறை சொல்லமாட்டேன்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கும் ஒரு ஒழுங்கு இருந்தது. உம்மா ஒரு பெரிய பீங்கானில் சோறு போட்டு, ஆணம் ஊற்றி, மீன் துண்டு இரண்டு வைத்து என் கையில் தருவாள். நான் அதை வளவுக்குக் குறுக்கே கொண்டுபோவேன். சாச்சியும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து அந்த ஒரே பீங்கானில் தின்போம். அவரவர் பக்கத்துச் சோற்றைத்தான் அவரவர் தின்ன வேண்டும். மீனுக்கும் இறைச்சிக்கும் மட்டும் எல்லை இல்லை, பிரியமானவர் பக்கம் தள்ளிவிடலாம். சாச்சாவின் கப்பல் போன கொஞ்ச நாளில் சாச்சியின் மீன் என் பக்கம் வரத் தொடங்கியது. எனக்குச் சந்தோசம். பிறகு அவளுடைய சோறும் கொஞ்சம் கொஞ்சமாக எல்லை தாண்டியது.

"நீங்க தின்னல்லையா சாச்சி?"

"நீ தின்னு மகள். நீ திண்டாத்தான் எனக்கு வயிறு நெறையும்."

நான் அதை அப்படியே நம்பினேன். பெரியவர்கள் உடம்பில் அப்படி ஏதோ ஓர் ஏற்பாடு இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு ஒரு பொறுப்பாகிவிட்டது. பசி இல்லாத நாளிலும் சாச்சிக்காக இன்னும் இரண்டு பிடி அள்ளித் தின்பேன். தின்று முடித்து, "நெறஞ்சிட்டா சாச்சி?" என்று கேட்பேன். "ஓம் மகள், நெறஞ்சிட்டு" என்று வயிற்றைத் தடவிக் காட்டுவாள்.

பீங்கான் வழித்தபடி உம்மாவிடம் திரும்பிப் போகும். உம்மாவுக்கு மனம் குளிரும். "என்ட கறி எண்டா சாச்சிக்கு உசிரு" என்று மாமியிடம் பெருமையாகச் சொல்வாள். எனக்குக் கன்னம் உப்பிக்கொண்டு வந்தது. "கப்பல்ல போனவர்ட பங்கையும் இவதான் திங்கிறா" என்று மாமி என் தொடையைக் கிள்ளுவாள். எல்லாரும் சிரிப்பார்கள். சாச்சியும் சிரிப்பாள்.

சாச்சி ஏன் உம்மாவிடம் நேரே சொல்லவில்லை என்று நான் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அடுத்தவர் குசினிச் சோற்றைத் தின்கிறவள், அந்தச் சோறு எனக்கு இறங்குதில்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னால் உம்மாவின் கைப்பக்குவத்தைக் குறை சொன்னதாகிவிடும். கொடுக்கிற கைக்கு நோகும். அந்தப் பயம் அவளுக்கு நோயைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது.

அதனால் ஒரு நாள் மாமரத்தடியில், பேச்சு யாருடையதோ ஆட்டைப் பற்றி ஓடிக்கொண்டிருந்தபோது, சாச்சி தலையைக் குனிந்தபடி எடுத்தாள்:

"கெண்டைமீன் ஆணம் வெச்சேன்
கீரிச்சம்பாச் சோறு வெச்சேன்
தொண்டைக்குக் கீழ எனக்கு மச்சான்
சோறிறங்க வழியுமில்ல."

எல்லாருடைய கையும் பாயில் அப்படியே நின்றது. சாச்சிக்குக் குரல் இருந்தது, ஆனால் சொந்தமாகக் கட்டி அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. மாமி "யா அல்லாஹ்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் கவிகளில் மச்சானைப் பிரிந்த பெண் ஒருத்தியாவது ஒழுங்காகச் சோறு தின்றது கிடையாது. ஒருத்திக்குச் சோறு கசக்கும், ஒருத்திக்கு வளையல் கழன்று விழும், ஒருத்திக்கு நித்திரை வராது. ஆகவே மாமி இதையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தாள். பதில் உடனே வந்தது:

"கப்பல் கரையடையும்
கண்ணீரும் காஞ்சுபோகும்
உப்பும் புளியுமெல்லாம் கிளியே
ஒருநாள் ருசிக்குமடி."

சாச்சி நிமிர்ந்து மாமியைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்ததுபோல் இருந்தது. பிறகு பன்னை நீவி விட்டு இழைக்கத் தொடங்கினாள். பேச்சும் ஆட்டுக்கே திரும்பிப் போனது.

அந்தக் கவி எங்கள் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. மாமி அதைக் களை பிடுங்கப் போன வயலுக்குக் கொண்டுபோனாள். வயலில் இருந்து அது அடுத்த ஊருக்குப் போனது. ஒரு நாள் உம்மாவோடு டவுனுக்குப் போகும்போது, ஆட்களை அக்கரைக்கு ஏற்றிப்போகிற, நாங்கள் 'பாதை' என்று சொல்கிற மிதவையில் முன்பின் தெரியாத ஒரு பெண் மடியில் பிள்ளையைப் போட்டு அதையே முணுமுணுத்தாள். "அது எங்கட சாச்சிர கவி!" என்று நான் கத்திவிட்டேன். உம்மா என் வாயைப் பொத்தினாள், ஆனால் அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான். வீட்டுக்கு வந்ததும் சாச்சியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். பாதையில் எல்லாம் பாடுகிறார்களா என்று மட்டும் கேட்டாள்.

பிறகு யார் வந்தாலும், "கெண்டைமீனச் சொல்லுகா" என்று கேட்பார்கள். சாச்சியும் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் முடித்துவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். மெலிந்துகொண்டு போனாள். கையில் வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. புருசன் நினைப்பில் உருகுகிறாள் என்று பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். அந்த உருக்கத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது என்று இப்போது நினைக்கிறேன், அவர்களுடைய புருசன்மார் எல்லாம் வீட்டிலேயே இருந்தார்கள்.

கப்பல் ஒரு நாள் கரையடைந்தது. சாச்சா கையில் பெட்டியோடும் உடம்பில் நீலச் சேட்டோடும் வந்து இறங்கினார். சாச்சியைப் பார்த்ததும் அவர் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது, ஆனாலும் ஆட்கள் நிறைந்திருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. உம்மா அன்றைக்குக் கெண்டைமீனே வாங்கிச் சமைத்தாள். கவிக்குப் பதிலாக ஒரு குறும்பு. பீங்கானைக் கொண்டுபோனது நான்தான், ஆனால் எனக்கு அன்று அதில் இடமில்லை. கோபத்தோடு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சாச்சா மீனைச் சாச்சி பக்கம் தள்ளினார். சாச்சி திருப்பித் தள்ளினாள். அவர் மறுபடி தள்ளினார். சாச்சி ஒரு சின்னப் பிடி சோறு எடுத்து வாயில் வைத்தாள். மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். பிறகு எழுந்து வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். சாச்சா கையைக் கழுவாமலே வெளியில் வந்து உம்மாவைக் கூப்பிட்டார்.

"மச்சி! இஞ்ச வாங்க! எவ்வளவு காலமா இவள் தின்னல்ல?"

உம்மா குசினியிலிருந்து ஓடிவந்தாள். "என்ன தம்பி கதைக்கிறீங்க? பீங்கான் வழிச்சித்தானே வந்த ஒவ்வொரு நாளும்..." என்று சொல்லிக்கொண்டே திரும்பியவளின் பார்வை என்மேல் விழுந்தது. என் கன்னத்தில், என் கையில், சட்டை இறுகிப்போன என் வயிற்றில். நான் ஒரு நாளும் அப்படிப் பார்க்கப்பட்டதில்லை.

"உங்களிட்ட ஒண்டும் சொல்லல்லையா மச்சி? ஒரு வார்த்த?"

"சொல்லல்ல தம்பி" என்றாள் உம்மா. பிறகு, "கவிதான் சொன்னா" என்றாள்.

"என்ன கவி?"

ஆம்பிளைக்கு முன்னால் கவி சொல்ல ஏலாது. உம்மா முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டாள். ராகம் இல்லாமல், மருந்துக்கடையில் நோய் வருத்தத்தைச் சொல்கிற மாதிரி, அந்த நாலு வரியையும் சொன்னாள். தொண்டைக்குக் கீழே சோறு இறங்க வழி இல்லை. ராகத்தை எடுத்துவிட்டால் அதில் கவி ஒன்றுமே இல்லை. ஒரு நோயாளி தனக்கு எங்கே அடைக்கிறது என்று இடம் காட்டியிருந்தாள். உம்மா கடைசி வரியில் நிறுத்திவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள்.

அடுத்த நாள் பாதையில் சாச்சியை ஏற்றி அக்கரை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து கண்டிக்கு. கண்டியில் பார்த்த டொக்டர், தொண்டைக்குக் கீழே கட்டி என்று சொல்லி, இவ்வளவு பிந்தி ஏன் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டாராம். கூடப் போயிருந்த வாப்பாவுக்கு அன்றைக்கு 'ஓம்' கூட வரவில்லையாம். வீட்டுக்குக் கொண்டுவந்தபிறகு மாமி தினமும் வந்து சாச்சியின் காலடியில் உட்காருவாள். "ஏன்டி சொல்லல்ல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"சொன்னனே மாமி" என்றாள் சாச்சி.

அடுத்த மழைக்கு முந்தியே சாச்சி மவுத்தாகிவிட்டாள். நான் அழுததாக ஞாபகம் இல்லை. எனக்கு ஒரே ஒரு யோசனைதான் ஓடிக்கொண்டிருந்தது. சாச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாளிலிருந்து அந்தப் பீங்கானில் நான் தின்னவில்லை. உம்மா எனக்குச் சோற்றை அளந்து போடத் தொடங்கியிருந்தாள், என்னைப் பார்க்காமலே போடுவாள். அதனால்தான் சாச்சிக்கு வயிறு நிறையாமல் போய்விட்டது என்று நான் நினைத்தேன்.

சாச்சிக்காக ஓதுகிற நாற்பதாம் நாள் கத்தத்துக்கு ஆடு அறுத்தார்கள். பெண்களுக்கு உள்வீட்டில் சாப்பாடு. சகன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி உம்மாவும் மாமியும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். என்னையும் இடையில் சேர்த்துக்கொண்டார்கள். நான் தின்றேன். என் பக்கம் முடிந்ததும் உம்மா பக்கத்திலிருந்து இழுத்துத் தின்றேன். மாமி ஓர் இறைச்சித் துண்டைத் தள்ளிவிட்டாள், அதையும் தின்றேன். வயிறு வலித்தது. "இன்னும் போடுங்க" என்றேன்.

"போதும் மகள்" என்றாள் உம்மா, வெட்கத்தோடு. "எவ்வளவுதான் திங்கிற?"

"எனக்கில்ல உம்மா. சாச்சிக்கு. நான் திண்டாத்தானே சாச்சிக்கு நெறையும்."

சகனைச் சுற்றியிருந்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. உம்மா கையிலிருந்த பிடியைத் திரும்பவும் சோற்றிலே வைத்துவிட்டாள். அவர்கள் ஏன் தின்னாமல் இருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அவர்கள் விட்ட பங்கையும் என் பக்கம் இழுத்து, நான் தின்றுகொண்டே இருந்தேன்.