அழாத மருமகள்

பேக்கரியில் அவளை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மாவு மேஜைக்குப் பின்னால் பல வருடம் நின்று வாங்கிய பட்டம் அது, சும்மா வந்ததில்லை. பிசைந்த மாவை விரலால் ஓர் அழுத்து அழுத்திவிட்டு "இன்னும் கொஞ்சம் பொறு" என்பாள், அல்லது "அடுப்புல தள்ளு" என்பாள். சொன்னது தப்பாது. அவள் கணவன் அதே பேக்கரியின் வேனை ஓட்டியவன். ரொட்டித் தட்டுகளை ஏற்றும்போது சூடாக ஒன்றை எடுத்து வாயில் திணித்துக்கொள்வதும், அவள் கரண்டியால் அவன் கையில் ஒன்று வைப்பதும் தினப்படிக் கூத்து. ஏழு மாதத்துக்கு முன் ஒரு காலையில் நெஞ்சு எரிகிறது என்றான். "வாயுவா இருக்கும், வெந்நீர் குடிச்சுட்டு கிளம்பு" என்றாள். பாதி வழியில் வேனை ஓரமாக நிறுத்தி ஸ்டியரிங்கில் சாய்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

அவள் அழவில்லை. எல்லாம் முடிந்த மறுவாரமே வேலைக்குப் போய் நின்றாள். "என்ன மனதைரியம்!" என்று தெருவே மெச்சியது. தெருவுக்கென்ன, வாய்தானே? அழுகிறவளைக் கண்டால் மிரளும், அழாதவளைக் கண்டால் கைதட்டும்.

வீட்டில் அழுதவள் மாமியார். அதுவும் எப்பேர்ப்பட்ட அழுகை! மகன் சட்டையை மடிக்கும்போது அழுவாள். அவன் உட்காரும் நாற்காலியைத் துடைக்கும்போது அழுவாள். திடீரென்று "படுபாவி, என்னை முந்திக்கிட்டியேடா!" என்று புகைப்படத்தோடு மல்லுக்கு நிற்பாள். சற்று நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரியிடம், சின்ன வயதில் பல் பிடுங்கப் போன இடத்தில் அவன் பல் டாக்டரின் விரலைக் கடித்த கதையைச் சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பாள். வயிறாரச் சாப்பிட்டுத் தூங்குவாள். மறுநாள் மறுபடியும் ஆரம்பம்.

வெளியூரிலிருந்த நாத்தனாருக்கு இது பொறுக்கவில்லை. போனில் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, அம்மாவுக்கு மூளை கலங்கிடுச்சோன்னு பயமா இருக்கு. இத்தனை மாசமா யாராவது இப்படி அழுவாங்களா? நீங்க எவ்வளவு திடமா இருக்கீங்க! நீங்கதான் கூட்டிட்டுப் போய் மனநல டாக்டர்கிட்ட காட்டணும்."

திடமாம், திடம்! காலையில் கண் விழித்ததும் மாஸ்டருக்கு வரும் முதல் நினைப்பே, ‘அடச்சே, முழிச்சுட்டோமே’ என்பதுதான். அதுகூட வருத்தமாக வராது, பல் விளக்க வேண்டும் என்பதுபோல வரும். கணவனை நினைத்தால் முகம் தெரியும், அதோடு சரி. வெந்நீர் குடி என்று சொன்னவள்தானே நீ, உன்னால் யாருக்கு என்ன லாபம், நீ போனால் வீட்டில் கழுவ ஒரு தட்டு குறையும் என்று உள்ளே ஒரு பேச்சு காலையிலிருந்து இரவு வரை ஏற்ற இறக்கமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்ப்பதைக்கூட இப்போது விட்டுவிட்டாள். வேண்டுமென்று விடவில்லை. பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஒருநாள் ஒரு லாரிக்காரன் பிரேக் போட்டு, தலையை வெளியே நீட்டி வண்டை வண்டையாகத் திட்டினான். அவனைச் சும்மா பார்த்துவிட்டு நடந்தாள்.

அந்த வாரம்தான் மாவில் உப்புப் போட மறந்தாள். உப்பில்லாத மாவு அடங்காமல் பொங்கும். ரொட்டி ஆளுயரத்துக்கு எழும்பி நிற்கும், மேல்தோல் மட்டும் வெளுத்துப் போகும். அடுப்புக்காரருக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு துண்டைப் பிய்த்து நீட்டினார்.

"மாஸ்டர், கொஞ்சம் வாயில போட்டுப் பாருங்களேன்."

போட்டாள், மென்றாள், விழுங்கினாள். "நல்லாத்தானே இருக்கு? அனுப்பு."

கடைகளுக்குப் போனது மொத்தமும் திரும்பி வந்தது. முதலாளி ஒரு வார்த்தை சொல்லவில்லை, "பாவம், துக்கத்துல இருக்கா" என்று விட்டுவிட்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் அன்றைக்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால் இவளுக்கு என்ன ஆச்சு என்று யாராவது யோசித்திருப்பார்கள். திரும்பி வந்ததில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மாமியார் ஒரு கடி கடித்தாள், முகத்தைச் சுளித்துக் கீழே வைத்தாள். எதிரே மருமகள் அதையே, மாடு வைக்கோல் மெல்வதுபோல, மென்றுகொண்டிருந்தாள். மாமியார் அன்று அழவில்லை. "உன் நாத்தி சொன்ன டாக்டர்கிட்ட எப்ப போறோம்?" என்று மட்டும் கேட்டாள்.

மருத்துவமனையில் சின்ன அறை. மூன்று நாற்காலி, சத்தம் போடும் மின்விசிறி. டாக்டரம்மா மாமியாரிடம் நிதானமாகக் கேட்டார்.

"அழுகை எந்நேரமும் இருக்கா, வந்து வந்து போகுதா?"

"வரும், போகும். அவன் பேச்சு எடுத்தா பொங்கிட்டு வரும். டி.வி.ல நல்லதா ஏதாவது ஓடுனா மறந்துடுவேன். அப்புறம், பெத்த புள்ளையை மறந்துட்டோமேன்னு அதுக்கு ஒரு அழுகை."

"உங்க மேலேயே வெறுப்பு வருதா?"

"என் மேல எதுக்கு வரணும்? பெத்து வளர்த்து ஆளாக்கி விட்டேன். சொல்லாம கொள்ளாம போனவன் அவன். கோவமெல்லாம் அவன் மேலதான்!"

டாக்டர் சிரித்துவிட்டார். "உங்களுக்கு நோய் இல்லம்மா, துக்கம். பிள்ளையைப் பறிகொடுத்தா அது இருக்கத்தான் செய்யும். அழுகை வந்தா அழுங்க."

"அது எனக்கே தெரியும்." மாமியார் நாற்காலியை டாக்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இப்ப இவளைப் பாருங்க."

"எனக்கென்ன அத்தை? நான் நல்லாத்தானே இருக்கேன்."

"வாயை மூடுடி. உனக்குன்னு கூப்பிட்டா நீ வந்திருப்பியா? எனக்குப் பைத்தியம்னு சொன்னதாலதான் கூட வந்தே. டாக்டர், இவ ரொட்டி மாஸ்டர். உப்பில்லாத ரொட்டியைத் தின்னுட்டு நல்லாருக்குங்கறா. அவன் போனதுல இருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல, ஒரு சிரிப்பு இல்ல, என்கூட ஒரு சண்டைகூட இல்ல. இவ என்கூடச் சண்டை போடாம இருந்து நான் பார்த்ததே இல்ல!"

டாக்டர் மாஸ்டர் பக்கம் திரும்பினார். தூக்கம் எப்படி, எதிலாவது ஆசை வருகிறதா, தன்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்றெல்லாம் கேட்டார். அவளும் ஒளிக்காமல் சொன்னாள், ஒளிப்பதற்கும் ஒரு தெம்பு வேண்டுமே. வெந்நீர் விஷயத்தையும் சொன்னாள். கடைசியில் டாக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"செத்துப் போயிட்டா தேவலைன்னு தோணுதா?"

"தோணுது. எதுவும் பண்ணிக்கணும்னு இல்ல. ரோட்டுல வண்டி வருதான்னு பார்க்கறதில்ல. நான் இல்லாட்டி யாருக்கும் ஒண்ணும் குறையாது."

எதற்கெடுத்தாலும் கண்ணைக் கசக்கும் மாமியார் அப்போது அழவில்லை. மருமகளின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குக் குறையும்டி. ஒருத்தனைக் கொடுத்துட்டேன். உன்னைக் கொடுக்க மாட்டேன்."

மாஸ்டர் காத்திருந்தாள். இப்படி ஒரு வார்த்தைக்குத் தொண்டை அடைக்க வேண்டும், கண் கலங்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மணிக்கட்டு வலித்தது. வேறெதுவும் வரவில்லை.

"டாக்டர், இவங்க இப்படிச் சொல்றாங்க. எனக்கு ஒண்ணுமே தோணல. இதுவும் துக்கம்தானா?"

"இல்லம்மா," என்றார் டாக்டர். "இது நோய்."